அழுகின திராட்சையில் ஒயினா? மாமாவுக்குப் பதில் சொல்ல உதவுங்கள்

பந்தல்நிழல்
எல்லோருக்கும் வணக்கம். இதுவரை வாசித்துவிட்டுப் போகிற ஆள்தான் நான், இழை தொடங்குவது இதுதான் முதல் தடவை. தப்பான பகுதியில் போட்டிருந்தால் நெறியாளர் மாற்றிவிடுங்கள்.

என் மாமாவுக்குக் கம்பம் பக்கம் ஒன்றரை ஏக்கர் பன்னீர் திராட்சைப் பந்தல். போன வாரம் பிரான்சிலிருந்து வந்த உறவுக்காரர் அரை பாட்டில் ஒயின் கொண்டுவந்தார். நல்ல தேன் நிறம். லேபிளில் சோத்தேர்ன் என்று ஊர்ப் பெயர். "இது பூஞ்சணம் பிடித்து அழுகின திராட்சையில் செய்தது, அதனால்தான் இந்த விலை" என்று பெருமையாகச் சொன்னார். மாமா சிரித்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டிருக்கும். "ஐப்பசி மழையில் நான் கூடை கூடையாக உரக்குழியில் கொட்டுகிறேன். அதையே அவன் பாட்டிலில் அடைத்து விற்கிறானா? அப்போ நான்தான்டா கோடீஸ்வரன்" என்றார். உறவுக்காரருக்கு முகம் சுண்டிவிட்டது. பாட்டிலை இன்னும் திறக்கவில்லை.

நிஜமாகவே அழுகின பழம்தானா? இல்லை, விற்பதற்குச் சொல்கிற கதையா? அப்புறம் மாமா கேட்கச் சொன்னது: நம் தோட்டத்தில் வருகிற அழுகலும் அதுவும் ஒன்றுதானா?

சும்மா வந்தவன்
கதைதான். விற்காத சரக்குக்கு வரலாறு எழுதினால் விலை ஏறும், இது உலகமெங்கும் நடக்கிற வியாபாரம். கிழிந்த ஜீன்ஸ் இரண்டு மடங்கு விலைக்குப் போகவில்லையா? மாமா சொன்னதுதான் சரி.

நுண்ணோக்கி
கதை இல்லை தம்பி, நிஜம்தான். ஆனால் 'அழுகின பழம்' என்று மட்டும் சொன்னால் பாதி உண்மை.

ஆளின் பெயர் போட்ரைடிஸ் சினெரியா. போட்ரிஸ் என்றால் கிரேக்கத்தில் திராட்சைக் குலை, சினெரியா என்றால் லத்தீனில் சாம்பல் நிறம். திராட்சையில் வருவதால் அந்தப் பெயர் என்று பலர் நினைக்கிறார்கள். நுண்ணோக்கியில் ஒரு தடவை பார்த்தவர்களுக்கு விஷயம் வேறு என்று தெரியும். பழத்தோலில் இருக்கிற சாம்பல் மயிரை ஒட்டும் நாடாவில் ஒற்றி எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பாருங்கள். பழுப்பு நிறக் காம்பு மேலே போய்க் கிளை பிரியும், ஒவ்வொரு கிளை நுனியிலும் வித்துகள் உருண்டை உருண்டையாகத் தொங்கும். அச்சு அசல் திராட்சைக் குலை. தகட்டை வைக்கும்போது மூச்சு கொஞ்சம் பலமாக விட்டால் போதும், பாதி வித்து பறந்துவிடும். நான் மாணவனாக இருந்தபோது பக்கத்து மேசைக்காரரின் தட்டுகளிலெல்லாம் என் போட்ரைடிஸ் முளைத்துத் திட்டு வாங்கியிருக்கிறேன்.

திராட்சை மட்டுமில்லை, 200க்கும் மேற்பட்ட பயிர்களில் வரும். ஸ்ட்ராபெர்ரி, தக்காளி, ரோஜா, வட இந்தியா, நேபாளம், வங்கதேசப் பக்கம் கொண்டைக்கடலை. 2012இல் தாவர நோயியல் ஆட்களிடம் கருத்துக் கேட்டு உலகின் முக்கியமான பத்துப் பூஞ்சைகளை வரிசைப்படுத்தினார்கள். முதலிடம் நம் நெல் குலை நோய்ப் பூஞ்சைக்கு, இரண்டாம் இடம் இவருக்கு.

இது செடியைக் கொன்று தின்கிற ஜாதி. முதலில் திசுவைச் சாகடிக்கும், பிறகு செத்ததில் உட்கார்ந்து சாப்பிடும். ஈரமும் குளிர்ச்சியும் வேண்டும். 15 முதல் 25 டிகிரி வரை சௌகரியம், 30ஐத் தாண்டினால் சுணங்கிவிடும். இலையிலோ பழத்திலோ தண்ணீர்ப் படலம் சில மணி நேரம் நின்றால் வித்து முளைத்துவிடும். பல சமயம் பூக்கும் காலத்திலேயே வாடின பூவிதழ் வழியாக உள்ளே போய், காய் பச்சையாக இருக்கும்வரை சத்தமில்லாமல் படுத்திருக்கும். பழத்தில் சர்க்கரை ஏற ஆரம்பித்ததும் எழுந்திருக்கும்.

இப்போது முக்கியமான இடம். பூஞ்சை பழத்தோலைத் துளைக்கும். வானம் விடாமல் ஈரமாக இருந்தால் பழம் வெடிக்கும், சாறு ஒழுகும், குலை முழுவதும் சாம்பல் மயிர் மூடும், கூடவே புளிப்பேற்றும் பாக்டீரியாவும் ஈயும் வந்து சேரும். அது உரக்குழிக்குத்தான். அதே துளைத்த பழத்துக்கு நல்ல காய்ந்த பிற்பகல் கிடைத்தால், தோலில் விழுந்த நுண்ணிய ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், சர்க்கரை உள்ளேயே நிற்கும். பழம் வெடிப்பதற்குப் பதிலாகச் சுருங்கும். இதைத்தான் 'உன்னத அழுகல்' என்பார்கள், சோத்தேர்ன் ஒயின் இந்தச் சுருங்கின பழத்தில் செய்கிறார்கள்.

பந்தல்நிழல்
சார், ரொம்ப நன்றி. மாமாவிடம் வாசித்துக் காட்டினேன். "எங்க தோட்டத்துலயும் சாம்பல் நோய் இருக்கே, அதுக்கு வருஷா வருஷம் மருந்து அடிக்கிறேனே, அதுதானா?" என்கிறார்.

நுண்ணோக்கி
இந்தக் குழப்பம் வரும் என்று தெரியும். தமிழில் மூன்று நோய்க்கும் சாம்பலை ஒட்டவைத்துவிட்டோம்.

மாமா 'சாம்பல் நோய்' என்பது இலையிலும் காயிலும் மாவு தூவின மாதிரி வெள்ளையாகப் படிவது. அது வேறு பூஞ்சை. 'அடிச்சாம்பல்' என்பது இலைக்கு மேலே எண்ணெய்ப் பொட்டு, அடியில் வெள்ளைப் பஞ்சு. அது கண்டிப்பாகப் பேசினால் பூஞ்சையே இல்லை, பாசிகளுக்குச் சொந்தக்காரன். நாம் பேசுகிற போட்ரைடிஸ் மூன்றாவது ஆள், 'சாம்பல் பூஞ்சண அழுகல்' என்று சொன்னால் குழப்பம் இல்லை. பழுத்த பழத்தில், எலி மயிர் போல, பழுப்பு கலந்த சாம்பல் நிறம். விரலால் தட்டினால் புகை மாதிரி கிளம்பும்.

கம்பத்தில் முதல் இரண்டும்தான் அதிகம் தலைவலி கொடுக்கும்.

ஓசூர் பசுமைக்குடில்
போட்ரைடிஸ் என்ற பெயரைப் பார்த்ததும் வயிறு கலங்குகிறது. நான் ரோஜா போடுகிறேன்.

எங்களுக்கு வருவது இப்படி. சாயங்காலம் மொட்டு வெட்டும்போது இதழ் பளிச்சென்று இருக்கும். மறுநாள் பார்த்தால் வெளி இதழில் குண்டூசி முனை அளவுக்குப் புள்ளிகள். வெள்ளை ரோஜாவில் இளஞ்சிவப்பாகத் தெரியும், சிவப்பு ரோஜாவில் கண்ணாடி போட்டுத் தேட வேண்டும். வித்து விழுந்து முளைத்ததற்கான அடையாளம் அது. குளிர் அறையில் வைத்தால் நின்றுவிடும் என்று ஆரம்பத்தில் நினைத்தேன். நிற்கவே இல்லை, மெதுவாகிறது, அவ்வளவுதான். இரண்டு டிகிரியிலும் அது பாட்டுக்கு வளரும். பெட்டியைக் குளிரிலிருந்து வெளியே எடுத்ததும் இதழில் வியர்க்கும் பாருங்கள், அது அதற்குக் கல்யாண விருந்து.

மூன்று வருடம் முன்பு பிப்ரவரி ஆர்டருக்கு அனுப்பினதில் பாதிப் பெட்டி திரும்பி வந்தது. வாங்கினவர் படம் அனுப்பினார், மொட்டின் கழுத்து ஒடிந்து சாம்பல் போர்த்தியிருந்தது. போக்குவரத்தில் பெட்டி வெயிலில் நின்றதா, என் பண்ணையிலேயே ஒட்டிக்கொண்டு போனதா என்று இரண்டு மாதம் சண்டை. கடைசியில் நஷ்டம் என் தலையில்.

மருந்து மட்டும் நம்பாதீர்கள் என்று அடித்துச் சொல்வேன். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் கொஞ்ச நாளில் அது தண்ணீர் தெளித்த மாதிரி. எனக்குப் பலன் கொடுத்தது என்னவென்றால், பொழுது சாயும் நேரத்தில் பக்கவாட்டுத் திரையைத் திறந்து உள்ளே இருக்கிற ஈரக்காற்றை வெளியேற்றுவது, அப்புறம் உதிர்ந்த இதழ், வெட்டின குச்சி ஒன்றுவிடாமல் பொறுக்கி வெளியே எரிப்பது. வேலையாட்களுக்கு இதுதான் பிடிக்காத வேலை.

நுண்ணோக்கி
ஓசூர்க்காரர் சொல்வது நூற்றுக்கு நூறு. கார்பெண்டசிம் வகை மருந்துகள் வந்த சில வருடத்திலேயே, 1970களில், ஐரோப்பியத் திராட்சைத் தோட்டங்களில் இது எதிர்ப்பு எடுத்துவிட்டது. அடுத்து வந்த மருந்து வகைகளுக்கும் அதே கதி. கோடிக்கணக்கில் வித்து போடுகிறவனிடம் ஒரே பூட்டை எத்தனை நாள் நம்புவது?

சும்மா ஒரு செய்தி. 2013இல் அமெரிக்காவில் ரிவர்சைடு பல்கலைக்கழகத்துக்காரர்கள் கண்டுபிடித்தார்கள்: இந்தப் பூஞ்சை சின்னச் சின்ன ஆர்.என்.ஏ. துண்டுகளைச் செடியின் செல்லுக்குள் அனுப்பி, செடியின் எதிர்ப்பு மரபணுக்களை வாயடைக்கச் செய்கிறதாம். வீட்டுக்காரனின் சாவியை எடுத்தே வீட்டைத் திறக்கிற திருடன்.

சும்மா வந்தவன்
சரி, பூஞ்சை இருக்கிறது, பழம் சுருங்குகிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஓசூரில் வந்தால் நோய், பிரான்சில் வந்தால் 'உன்னத அழுகல்'. பூஞ்சையில் கூடவா மேட்டுக்குடி? காய்ந்த திராட்சைதான் வேண்டும் என்றால் பழத்தை வெயிலில் காயப்போட்டுப் பிழிந்தால் போயிற்று. இந்தக் கூத்து எதற்கு?

கரோன் கரை
வணக்கம். நான் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, இருபது வருடத்துக்கு மேலாக போர்தோவுக்குத் தெற்கே இருக்கிறேன். நீங்கள் திராட்சை என்பதை எங்கள் ஊரில் முந்திரிகை என்போம். வந்த புதிதில் ஒரு தமிழ்நாட்டுத் தம்பியிடம் முந்திரிகைத் தோட்டத்தில் வேலை என்று சொல்ல, அவர் கஜுத் தோட்டம் என்று விளங்கிக்கொண்டு வந்து நின்றார். இந்த இழைக்காகத் திராட்சை என்றே எழுதுகிறேன்.

ஐந்து பருவம் சோத்தேர்ன் பக்கத்துத் தோட்டங்களில் பழம் வெட்டியிருக்கிறேன். 'சும்மா வந்தவன்' கேட்டதற்கு நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

அங்கே சிரோன் என்று ஒரு சின்ன ஆறு. மர நிழலுக்குள்ளாகவே ஓடி வருவதால் தண்ணீர் சில்லென்று இருக்கும். அது வந்து சேர்கிற கரோன் பெரிய ஆறு, வெதுவெதுப்பு. புரட்டாசி, ஐப்பசியில் இரண்டும் சேரும் இடத்திலிருந்து பனிமூட்டம் கிளம்பித் தோட்டம் முழுக்கப் படுத்துவிடும். காலை பத்து, பதினொரு மணிவரை முன்னால் போகிறவரின் முதுகு தெரியாது. பிறகு வெயில் வந்து எல்லாவற்றையும் உலர்த்திவிடும். காலையில் பூஞ்சணத்துக்குச் சாப்பாடு, பின்னேரம் பட்டினி. இது மாறி மாறி வாரக்கணக்கில் நடந்தால்தான் அவர்கள் கேட்கிற பழம் கிடைக்கும். ஒரு கிழமை விடாமல் மழை பெய்தால் எல்லாம் முடிந்தது.

ஒரு குலையைக் கையில் எடுத்தால் மூன்று விதப் பழம் இருக்கும். சில மணிகள் இன்னும் பொன்நிறமாக, உருண்டையாக. சில மணிகள் ஊதா கலந்த பழுப்பாக, தோல் மெலிந்து, தொட்டால் தோல் வழுக்கிக்கொண்டு வரும். சில மணிகள் சுருங்கி, மேலே சாம்பல் தூள் படிந்து, பார்க்கவே அருவருப்பாக. எங்களுக்கு வேண்டியது அந்தக் கடைசிதான். கூரான சின்னக் கத்தரிக்கோலால் அதை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தைக் கொடியிலேயே விட்டுப் போக வேண்டும். ஏழெட்டு நாள் கழித்துத் திரும்ப வந்து அதே கொடியைப் பார்க்க வேண்டும். இந்தச் சுற்றுக்கு 'ட்ரி' என்று பெயர். நாலைந்து சுற்று சாதாரணம், நவம்பர் மாதக் குளிரிலும் வெட்டியிருக்கிறோம்.

முதல் நாள் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சுருங்கின பழம் எல்லாவற்றையும் வெட்டிப் போட்டேன். மேற்பார்வை பார்த்த கிழவி கூடையைக் கிளறி, ஒரு கொத்தை எடுத்து என் மூக்குக்குக் கிட்டே பிடித்தாள். வினாகிரி மணம். எடுத்துத் தூர எறிந்தாள். இன்னொன்றைப் பிடித்தாள். காளான் மணமும் பழப்பாகு மணமும். "இது" என்றாள். அதற்குப் பிறகு எல்லாவற்றையும் மூக்கில் வைத்துத்தான் வெட்டினேன். பின்னேரம் கையிரண்டும் பசை பிடித்து, கத்தரிக்கோலைக் கழற்றவே தண்ணீர் வேண்டும்.

காலையில் பனி உலராமல் வெட்ட விடமாட்டார்கள், தண்ணீரும் சேர்ந்துவிடும் என்று. அதனால் எட்டு மணிக்குப் போய்ப் பத்தரை மணிவரை கோப்பி குடித்துக்கொண்டு நிற்போம்.

கணக்கும் சொல்கிறேன். சோத்தேர்னில் ஒரு ஹெக்டேருக்கு 25 ஹெக்டோலிட்டர், அதாவது 2,500 லிட்டர்தான் சட்டப்படி உச்ச அளவு. அங்கே பேர் போன தோட்டமான ஷாத்தோ டிக்கெமில் 1,000 லிட்டர் கூட வராது, ஒரு கொடிக்கு ஒரு கிளாஸ் என்பார்கள். 1855இல் போர்தோ ஒயின்களைத் தரம் பிரித்தபோது வெள்ளை ஒயினில் இவர்களை மட்டும் எல்லோருக்கும் மேலே தனியாக வைத்தார்கள். 1992இலும் 2012இலும் பூஞ்சணம் சரியாக வரவில்லை என்று அவர்களே அந்தப் பெயரில் ஒரு போத்தல்கூட விடவில்லை. பழம் இருந்தது, ஆளும் இருந்தது, வானம் மட்டும் ஒத்துழைக்கவில்லை.

சும்மா வந்தவன்
அக்கா, விலையில் பாதி உங்கள் முதுகுவலி என்று புரிகிறது. வாபஸ். ஆனால் வெயிலில் காயப்போடும் கேள்வி இன்னும் நிற்கிறது.

நுண்ணோக்கி
நல்ல கேள்விதான். காயவைத்த திராட்சையில் செய்கிற ஒயினும் இருக்கிறது, இத்தாலியில் பிரபலம். ஆனால் ருசி வேறு, ஏனென்றால் வெயில் தண்ணீரை மட்டும்தான் எடுக்கும். பூஞ்சை உள்ளே உட்கார்ந்து சமைக்கிறது.

சர்க்கரையைச் சாப்பிடும், ஆனால் புளிப்பை, அதிலும் டார்டாரிக் அமிலத்தை, கணிசமாகக் காலி செய்யும். பதிலுக்கு கிளிசராலும் குளுக்கோனிக் அமிலமும் விட்டுப்போகும். அந்த ஒயின் நாக்கில் எண்ணெய் போல வழுக்குகிறது என்கிறார்களே, அதில் கிளிசராலுக்கும் பங்கு உண்டு. சாதாரணமாகப் பழுத்த திராட்சைச் சாற்றில் லிட்டருக்கு 200 கிராம் சர்க்கரை என்று வைத்தால், இதில் 350ஐத் தொடும். ஈஸ்ட் அதில் முக்கித் திணறி 13, 14 சதவீத ஆல்கஹாலில் நின்றுவிடும். தின்றது போக மிச்சம் 120, 150 கிராம் சர்க்கரை ஒயினிலேயே தங்கும். வெளியிலிருந்து சேர்த்த இனிப்பு இல்லை.

வெந்தயக்குழம்பு
ஒயின் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, வாசனை பற்றித் தெரியும். ஒரு தடவை விமானத்தில் இந்த மாதிரி இனிப்பு ஒயின் கொடுத்தார்கள். முகர்ந்ததும் எனக்கு ஞாபகம் வந்தது வறுத்த வெந்தயம்! பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன், சிரித்தார். என் மூக்கில் கோளாறா?

நுண்ணோக்கி
உங்கள் மூக்குக்கு ஒரு சபாஷ். சோட்டோலான் என்று ஒரு சேர்மம் இருக்கிறது. வெந்தயத்தின் வாசனைக்கு முக்கியக் காரணமே அதுதான். வெந்தயம் நிறையச் சாப்பிட்டால் மறுநாள் வியர்வையில் ஒரு பாகு மணம் வருமே, அதுவும் அதனால்தான். போட்ரைடிஸ் பிடித்த ஒயினிலும் அதே சோட்டோலான் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. ஐரோப்பியர்களுக்கு வெந்தயம் பழக்கமில்லை, அதனால் தேன், ஆப்ரிகாட் ஜாம், குங்குமப்பூ என்று எழுதுகிறார்கள்.

பழங்கணக்கு
சோத்தேர்னைப் பற்றியே பேசுகிறீர்கள், மூத்தவர் ஹங்கேரியில் இருக்கிறார். டோக்காய். போத்ரோக், டீசா என்று இரண்டு ஆறுகள், இங்கேயும் பனிமூட்டம்தான் மூலதனம். ஃபுர்மிந்த் என்ற திராட்சை. பூஞ்சணம் பிடித்துக் காய்ந்த மணிகளுக்கு 'அஸூ' என்று பெயர், காய்ந்தது என்றே அர்த்தம். அந்த மணிகளைத் தனியாகப் பொறுக்கி, சாற்றிலோ புது ஒயினிலோ ஊறவைத்துப் பிழிவார்கள். 136 லிட்டர் பீப்பாய்க்கு 25 கிலோ கூடை எத்தனை போட்டார்கள் என்பதுதான் அந்தக் காலத்துத் தர அளவு. ஹங்கேரியின் தேசிய கீதத்திலேயே டோக்காய்க் கொடிகளுக்குக் கடவுள் அமுதம் சொட்டவைத்தார் என்று வருகிறது. ஊரே 2002 முதல் யுனெஸ்கோ பட்டியலில்.

பொறுக்கிக் குவித்த அஸூ மணிகளைப் பிழியாமல் சும்மா விட்டால் தன் கனத்திலேயே நசுங்கிச் சொட்டுச் சொட்டாக வடியும். அதற்கு எஸென்ஸியா என்று பெயர். லிட்டருக்கு 450 கிராமுக்கு மேல் சர்க்கரை, நொதிக்கவே வருடக்கணக்கு, கரண்டியில்தான் கொடுப்பார்கள்.

கண்டுபிடித்த கதை சுவாரசியம். 1630 வாக்கில் துருக்கியர் படையெடுப்புப் பயத்தில் அறுவடை தள்ளிப்போய், பழமெல்லாம் பூஞ்சணம் பிடித்துச் சுருங்கிவிட்டதாம். செப்ஸி லாட்ஸ்கோ மாத்தே என்ற பாதிரியார் மனசு வராமல் அதையே பிழிந்து, தன் எஜமானியம்மாவுக்கு ஈஸ்டருக்குக் கொடுத்தாராம்.

சும்மா வந்தவன்
மறுபடி கதை! உலகத்தில் எந்தத் தின்பண்டத்தை எடுத்தாலும் ஒரு பாதிரியார், ஒரு தாமதம், ஒரு தற்செயல்.

பழங்கணக்கு
இந்தத் தடவை நீங்கள் ஜெயித்தீர்கள். 1571ஆம் ஆண்டு ஆவணம் ஒன்றிலேயே அஸூ ஒயின் வருகிறது. 1590இல் அச்சான ஹங்கேரியச் சொற்பட்டியலிலும் அந்தச் சொல் இருக்கிறது. பாதிரியார் கதைக்கு வயசு பத்தவில்லை. ஜெர்மனியில் யோஹானிஸ்பெர்க் மடத்துக்கு இதே அச்சில் 1775இல் ஒரு கதை உண்டு: அறுவடைக்கு உத்தரவு கொண்டுவர வேண்டிய குதிரைக்காரன் தாமதமாக வந்தானாம், அதற்குள் பழத்தில் பூஞ்சணம் பூத்துவிட்டதாம். குதிரைக்காரனுக்குச் சிலையே வைத்திருக்கிறார்கள். டோக்காய்க்காரர்கள் அதற்கு இருநூறு வருடம் முன்பே செய்துகொண்டிருந்தார்கள்.

என் யூகம், யாரும் ஒரு நாளில் கண்டுபிடிக்கவில்லை. வறுமையில் எதையும் தூக்கிப்போடாத விவசாயி எல்லா ஊரிலும் இருந்திருப்பான்.

பந்தல்நிழல்
இழை எங்கேயோ போய்விட்டது, சந்தோஷம். மாமா இப்போது தினமும் சாயங்காலம் "இன்னைக்கு என்ன எழுதியிருக்காங்க" என்று கேட்கிறார். அவருடைய அடுத்த கேள்வி: நம்ம பன்னீரை இப்படிச் சுருங்கவிட்டால் என்ன?

கூடலூர் விவசாயி
உங்கள் மாமாவுக்கு வணக்கம் சொல்லுங்கள், நானும் பக்கத்து ஊர்தான். முயற்சி பண்ணவேண்டாம்.

நம்முடையது பந்தல். தலைக்கு மேலே இலை கூரை மாதிரி மூடியிருக்கும், குலை அடியில் தொங்கும். மழை பெய்தால் உள்ளே இரண்டு நாளைக்கு ஈரம் காயாது. பிரான்சில் இடுப்பு உயரத்துக்கு வேலி மாதிரி நட்டு, குலையைச் சுற்றி இலையைக் கிள்ளிக் காற்று போக விடுகிறார்கள், படத்தில் பார்த்திருக்கிறேன். நமக்குக் கவாத்து பண்ணுகிற நாளை வைத்து வருடம் முழுக்க எங்காவது ஒரு பந்தலில் அறுவடை நடக்கும். இலையுதிர்காலம் என்று ஒன்று வந்து பழத்தை மெதுவாகக் காயவைப்பது இங்கே ஏது? மழையில் பன்னீருக்குத் தோல் வெடிக்கும், வெடித்தால் ஈ, ஈ வந்தால் புளிப்பு. 2017இல் என்று நினைக்கிறேன், எனக்கு ஒரு பந்தல் முழுக்கப் போனது. வாசனை தெருவரை வந்தது, தேன் வாசனை இல்லை, கெட்டுப்போன கள் வாசனை.

நுண்ணோக்கி
கூடலூர்க்காரர் சொன்னதோடு இன்னொன்று. பன்னீர் கறுப்புத் திராட்சை. உன்னத அழுகல் விளையாட்டு பெரும்பாலும் வெள்ளைத் திராட்சையில்தான். இந்தப் பூஞ்சை லாக்கேஸ் என்ற நொதியைச் சுரக்கும். அது தோலில் இருக்கிற நிறச்சத்தைப் பிடித்துப் பழுப்பாக்கிவிடும். வெட்டின வாழைக்காய் கறுக்குமே, அந்த மாதிரி வேலை. சிவப்பு ஒயினில் இது கலந்தால் கிளாஸில் ஊற்றிய கொஞ்ச நேரத்தில் செங்கல் கரைத்த நிறம். ஒயின்காரர்கள் வழக்கமாகப் போடுகிற கந்தக டை ஆக்சைடுக்கும் லாக்கேஸ் சுலபத்தில் மசியாது, சாற்றைச் சூடாக்கித்தான் அடக்க வேண்டும். போர்தோவிலேயே சிவப்பு ஒயின் செய்கிறவன் தோட்டத்தில் சாம்பல் பூஞ்சணம் வந்தால் மாமா மாதிரிதான் தலையில் கை வைப்பான்.

வடிகட்டுகிறவர்களுக்கும் இது வில்லன். குளுக்கான் என்ற பசையை விட்டுவிடும், வடிகட்டி அடைத்துக்கொள்ளும். அதைக் கரைக்க ஒரு நொதி விற்கிறார்கள், அதை எதிலிருந்து எடுக்கிறார்கள் தெரியுமா? டிரைக்கோடெர்மா என்ற இன்னொரு பூஞ்சையிலிருந்து. நாம் தொழு உரத்தில் கலந்து போடுகிற அதே டிரைக்கோடெர்மா குடும்பம். தோட்டத்திலும் போட்ரைடிஸுக்கு எதிராக அதைத் தெளிக்கிறார்கள். தொட்டியிலும் சண்டை, தோட்டத்திலும் சண்டை.

கரோன் கரை
கூடலூர் அண்ணா, நீங்கள் எல்லோரும் 'போர்டோ கலவை' அடிப்பீர்கள்தானே? மயில்துத்தம், சுண்ணாம்பு. அது எங்கள் ஊர்ப் பெயர்தான். ரோட்டோரத்துத் திராட்சையைப் போகிறவர் வருகிறவர் பறிக்கக் கூடாதென்று தோட்டக்காரர்கள் நீலமாகப் பூசிவைத்தார்களாம், பூசின கொடியில் மட்டும் அடிச்சாம்பல் வரவில்லை என்பதை மியார்தே என்ற பேராசிரியர் கவனித்தார். 1885இல் வெளியிட்டார்.

கூடலூர் விவசாயி
அட! ஒரு கிலோ துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, நூறு லிட்டர் தண்ணீர் என்று தாத்தா காலத்திலிருந்து கலக்குகிறோம். போர்டோ என்றால் ஏதோ கம்பெனி பெயர் என்று நினைத்தேன். அது இந்தச் சாம்பல் பூஞ்சணத்துக்குக் கேட்குமா?

நுண்ணோக்கி
அடிச்சாம்பலுக்குத்தான் அது கெட்டி. போட்ரைடிஸுக்கு அதை நம்பி உட்காராதீர்கள். குலையைச் சுற்றிக் காற்றோட்டம், வாடின பூவையும் காய்ந்த குலைத்துண்டையும் எடுப்பது, தழைச்சத்தைக் கொட்டாமல் இருப்பது, இவைதான் முதலில்.

வெந்தயக்குழம்பு
குறுக்கே ஒரு அடுப்படிக் கேள்வி. குளிர்சாதனப் பெட்டியில் திராட்சை சாம்பல் பூத்தால், இவ்வளவு உயர்ந்த பூஞ்சை என்கிறீர்களே, கழுவிச் சாப்பிடலாமா?

நுண்ணோக்கி
வேண்டாம் அம்மா. போட்ரைடிஸ் மனிதருக்குப் பெரிய விஷம் எதுவும் சுரப்பதாகத் தெரியவில்லை. ஆனால் வீட்டுப் பழத்தில் அது தனியாக வருவதில்லை. நீலப்பச்சையாகப் பூப்பது பென்சிலியம், கறுப்புத் தூள் ஆஸ்பெர்ஜில்லஸ். இவற்றில் சில விஷம் சுரக்கும், கழுவினால் போகாது. பூத்த பழத்தையும் அதை ஒட்டியிருந்ததையும் போட்டுவிடுங்கள்.

பென்சிலியம் பேச்சு வந்ததால் சொல்கிறேன். போட்ரைடிஸ் பிடித்த குலையில் பென்சிலியம் எக்ஸ்பான்சமும் சேர்ந்தால் ஜியோஸ்மின் உண்டாகும். முதல் மழைக்கு வருகிற மண்வாசனை இருக்கிறதே, அதே சரக்கு. நமக்குக் கவிதை, ஒயின்காரனுக்குப் பீப்பாய் முழுக்க நஷ்டம்.

வித்தை மூச்சில் வாங்குவதும் நல்லதில்லை. பூஞ்சணம் பிடித்த திராட்சையோடு வேலை செய்கிறவர்களுக்கு நுரையீரல் ஒவ்வாமை வருவது பதிவாகியிருக்கிறது.

கரோன் கரை
அது உண்மை. எங்களோடு வெட்டின ஒரு அண்ணருக்கு மூன்றாம் நாளே இழுப்பு வந்து, அவரை மாற்றி உழவு மிசின் பக்கம் விட்டார்கள். நான் துணியைக் கட்டிக்கொண்டு வெட்டினேன், பிறகு மணம் பிடிக்க அதைக் கழற்றினேன், பிறகு கட்டினேன்.

பந்தல்நிழல்
ஒரு வழியாக நேற்று பாட்டிலைத் திறந்தோம். 'கரோன் கரை' அக்கா எழுதினதை மாமாவிடம் இரண்டு தடவை வாசித்துக் காட்டின பிறகுதான் சம்மதித்தார். அவர் குடிக்கமாட்டார், அத்தை பார்த்துக்கொண்டு நின்றதால் ஒரு டீஸ்பூன் மட்டும். முதலில் முகர்ந்தார். "கருப்பட்டிப் பாகு" என்றார். அப்புறம், நான் ஒன்றுமே சொல்லவில்லை, "வெந்தயம் வறுத்த மாதிரி இல்ல?" என்று அத்தையிடம் நீட்டினார். அத்தை முகர்ந்துவிட்டு ஆமாம் என்றார்.

ருசி பற்றிக் கேட்டேன். "நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு கொடிக்கு ஒரு கிளாஸ்னா எனக்குக் கட்டாது" என்றார். இன்று காலை தோட்டத்தில் பார்த்தால், ஆட்களைக் கூட்டிக்கொண்டு பந்தலில் குலையைச் சுற்றி இலை கிள்ளிக்கொண்டிருக்கிறார்.

ஓசூர் பசுமைக்குடில்
மாமாவிடம் சொல்லுங்கள், கிள்ளின இலையைப் பந்தலுக்கு அடியிலேயே விட்டுவிட வேண்டாம்.

பந்தல்நிழல்
அடியில்தான் கிடக்கிறது. இப்போதே ஃபோன் பண்ணுகிறேன்.

மலைப்பூண்டு
ஐயா எல்லோருக்கும், கொடைக்கானல் மேல்மலையில் எங்கள் பூண்டுத் தாள் நுனி கருகுகிறது, இதுவும் இந்தப் பூஞ்சைதானா? படம் இணைத்திருக்கிறேன்.

நெறியாளர்
பூண்டுக் கேள்வியைத் தனி இழையாகப் பிரித்திருக்கிறேன், 'நுண்ணோக்கி' அங்கே வரவும். படம் மங்கலாக இருக்கிறது, வெளிச்சத்தில் மறுபடி எடுத்துப் போடுங்கள்.